பலகையில் விளக்கு எரிகிறது, பொத்தான் எதற்கும் பதில் இல்லை: தானியங்கி ஏசி பிரச்சினை

கருஞ்சாலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. என் காரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வெப்பநிலை வைக்கக்கூடிய தானியங்கி ஏசி இருக்கிறது. கொஞ்ச நாளாக அதன் கட்டுப்பாட்டுப் பலகை எதற்கும் மசிவதில்லை. ஹெட்லைட் போட்டால் பொத்தான்களின் பின்விளக்கு எரிகிறது. ஆனால் ஆட்டோ, ஏசி, காற்று வேகம், முன்கண்ணாடிப் பனிநீக்கம் என்று எதை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. பொத்தானின் மேல் இருக்கும் குட்டி விளக்குகூட எரியவில்லை. வெப்பநிலை எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும். காற்றை வீசும் விசிறியான புளோயர் ஓடவே இல்லை.

ஆரம்பத்தில் விட்டு விட்டு வந்தது. வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இப்போது நிரந்தரமாகிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் பலகையே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான், மீட்டர் வைத்து எதையும் அளக்கவில்லை. பலகை விலை அதிகம். மாற்றுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

சக்கரம்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டு வண்டியில் இதே போல வந்தது, அதோடு சரியாகிவிட்டது.

செம்புக்கம்பி

கருஞ்சாலை, பலகையை இப்போதைக்கு வாங்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுவதையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சக்கரம் சொல்வது சில நேரம் பலிக்கும், உண்மைதான். மாட்யூல், அதாவது ஏசிக்கு மூளையாக இருக்கும் மின்னணுப் பெட்டி, உள்ளே சிக்கி நின்றிருந்தால் மின்சாரம் போய் வந்ததும் மறுபடி எழுந்துவிடும். ஆனால் கழற்றினால் சேமித்து வைத்த பிழைக் குறியீடுகள் சிலவும் போய்விடும். உங்களுக்கு வந்திருப்பது விட்டு விட்டு வந்து நிரந்தரமான பழுது. அதற்கு அந்தக் குறியீடுகள்தான் முதல் துப்பு.

ஒரு ஏசி பலகை வேலை செய்ய என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம். முதலில் மின்சாரம். அது பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று நேராகப் பேட்டரியிலிருந்து, எப்போதும் இருப்பது. கடைசியாக வைத்த வெப்பநிலை நினைவில் இருப்பது இதனால்தான். இன்னொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. இரண்டுக்கும் ஃபியூஸ் வேறு வேறு. பல வண்டிகளில் ஒன்று டேஷ்போர்டு ஓரத்திலும் மற்றது என்ஜின் பக்கப் பெட்டியிலும் இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு ஃபியூஸ் சரி என்று சொல்லக்கூடாது.

பின்விளக்கு எரிவதை வைத்துப் பலகைக்கு மின்சாரம் வருகிறது என்று முடிவு கட்டவும் முடியாது. பல வண்டிகளில் பின்விளக்கு, விளக்குச் சுற்றிலிருந்து தனியாக வருகிறது. மூளை செத்திருந்தாலும் அது எரியும்.

அடுத்தது எர்த். கடைசியாகப் பேச்சுக் கம்பி, அதாவது பலகையும் மற்ற பாகங்களும் தகவல் பரிமாறிக்கொள்ளும் கம்பி. இந்த மூன்றும் சரியாக இருந்து பலகை பேசாமல் இருந்தால்தான் பலகையைக் குற்றம் சொல்லலாம்.

முதலில் இவற்றைச் சொல்லுங்கள்:
பேட்டரி வோல்ட் எவ்வளவு, என்ஜின் ஓடாமலும் ஓடும்போதும்?
ஆரம்பத்தில் விட்டு விட்டு வந்தபோது எப்போது வந்தது? வெயிலிலா, மழையிலா, குலுங்கும்போதா?
இந்தப் பிரச்சினை தொடங்குவதற்கு முன் டேஷ்கேம், ஸ்டீரியோ, அலாரம் என்று புதிதாக எதையாவது மாட்டினீர்களா?
வலது, இடது கால் வைக்கும் இடத்தில் கம்பளம் ஈரமாக இருக்கிறதா? கையை அழுத்திப் பாருங்கள், மேலே தடவினால் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அதில் மீட்டரோ சோதனை விளக்கோ வைக்கவே கூடாது.

திருப்புளி

பலகையைப் பிரித்துச் சரிசெய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பலகை கெட்டுப் போவதும் நிறைய நடக்கிறது. ஆனால் அது கெடும் விதமே வேறு.

பொத்தானுக்குக் கீழே ரப்பர் மெத்தையில் கரித்துண்டு இருக்கும், தேய்ந்துவிட்டால் அந்த ஒரு பொத்தான் மட்டும் அழுத்தி அழுத்தித்தான் வேலை செய்யும். குமிழ் தேய்ந்தால் 22 வைக்கப் போனால் 24க்குத் தாவும், பின்னால் திருப்பினால் ஏறும். காபி, தண்ணீர் கொட்டியிருந்தால் ஒரு பக்கத்து வரிசை மட்டும் ஒட்டிக்கொள்ளும். திரைக்குப் போகும் தட்டை கேபிள் விலகினால் எண்ணின் பாதி கோடுகள் காணாமல் போகும், ஆனால் புளோயர் ஓடும், காற்று வரும். சால்டர், அதாவது ஈயப்பற்று, விரிசல் விட்டிருந்தால் பலகையை விரலால் தட்டினாலோ வண்டி சூடானாலோ போய் வரும்.

எல்லாப் பொத்தானும் ஒரே நேரத்தில் போய், திரையில் கோடு மட்டும் நிற்கிறது என்றால் நானும் முதலில் வெளியேதான் தேடுவேன். அப்படிப்பட்ட பலகைகள் என் மேசைக்கு வரும்போது பாதிக்கு மேல் நல்ல பலகையாகவே இருக்கும். திருப்பி அனுப்பிவிடுவேன்.

கருஞ்சாலை

செம்புக்கம்பி, கேட்டதற்குப் பதில். என்ஜின் ஓடாமல் 12.5 வோல்ட், ஓடும்போது 14.2. ஃபியூஸ் இரண்டு பெட்டியிலும் பார்த்தேன், கழற்றிப் பார்க்க எதுவும் எரிந்திருக்கவில்லை. புதிதாக எதையும் மாட்டவில்லை.

நீங்கள் கேட்டபிறகுதான் யோசித்தேன். முதலில் வந்ததெல்லாம் மழை பெய்த மறுநாளோ வண்டி கழுவிய பிறகோதான். வெயிலில் நின்றால் சரியாகிவிடும். ஓட்டுநர் பக்கக் கம்பளம் காய்ந்திருக்கிறது. பக்கத்து இருக்கைப் பக்கம் மேலே காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் அழுத்தினால் கை ஈரமாகிறது!

பிழைக் குறியீடுகளைப் படிக்க என்னிடம் புளூடூத்தில் வேலை செய்யும் சின்ன ஸ்கேனர் இருக்கிறது. பிழை எதுவும் இல்லை என்கிறது.

செம்புக்கம்பி

ஈரம் ஒரு பெரிய துப்பு. நல்ல வேளை, பேட்டரியைக் கழற்றி எதையும் கலைக்கவில்லை.

அந்தச் சின்ன ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜினின் குறியீடுகளை மட்டும் படிக்கும், அதாவது பீ (P) என்ற எழுத்தில் தொடங்குபவை. ஏசி மாட்யூலின் பிழைகள் பெரும்பாலும் பி (B), யூ (U) எழுத்துகளில் இருக்கும். அவற்றைப் படிக்க எல்லா மாட்யூலோடும் பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். எந்த நல்ல கார் எலக்ட்ரீஷியனிடமும் இருக்கும். முழு வண்டியையும் ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள், அழிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

குறிப்பாக யூ0164 (U0164) இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி கட்டுப்பாட்டு மாட்யூலோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று மற்ற மாட்யூல்கள் சொல்லும் குறியீடு அது. அது இருந்தால் ஒரு திசை, இல்லாவிட்டால் வேறு திசை.

ஃபியூஸைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சாவியைத் திருப்பி, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் சோதனை விளக்கை வையுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கு முன்னாலேயே, ரிலேயிலோ கம்பியிலோ கோளாறு.

எர்த்தை ஓம் வைத்து அளக்காதீர்கள். ஒரே ஒரு இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் ஓமில் நன்றாகவே காட்டும். வேலை செய்யும் நிலையில் மாட்யூல் கனெக்டரின் எர்த் பின்னுக்கும் (பின் என்பது கனெக்டருக்குள் இருக்கும் உலோக முள்) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் எர்த் போல்ட்டைத் தேடிக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

மேகமூட்டம்

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னுடையது குமிழ் வைத்த சாதாரண ஏசி. காற்று கடைசி வேகத்தில் மட்டும் வருகிறது, 1, 2, 3 எதிலும் இல்லை. இதுவும் இதே பிரச்சினையா?

திருப்புளி

இல்லை. உங்களுடையது ரெசிஸ்டர். சாதாரண ஏசியில் குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும், கடைசி வேகத்துக்கு மட்டும் அதைத் தாண்டி நேராகப் போகும். ரெசிஸ்டரில் இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்தால் நீங்கள் சொன்னது அப்படியே நடக்கும். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், காற்றுப் பாதையில் திருகி வைத்திருப்பார்கள். மாற்றும்போது அதன் கனெக்டர் உருகியிருக்கிறதா பாருங்கள். உருகியிருந்தால் புளோயர் மோட்டாரே இறுகி அதிக மின்சாரம் இழுப்பதாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் போய்விடும்.

கருஞ்சாலை

முழு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. யூ0164 இல்லை. ஏசி மாட்யூல் ஸ்கேனருக்குப் பதில் சொல்கிறது. ஆனால் அதற்குள் ஒரு பட்டியலே இருக்கிறது: பலகையோடு தொடர்பு இல்லை, இடது வெப்பநிலை ஃபிளாப் (காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடு) மோட்டாரோடு தொடர்பு இல்லை, வலது அப்படியே, காற்றுத் திசை மோட்டார் அப்படியே, உள்காற்றுச் சுழற்சி மோட்டார் அப்படியே. ஃபியூஸ் எல்லாவற்றிலும் சோதனை விளக்கு எரிகிறது. எர்த்தில் 0.03 வோல்ட்.

எலக்ட்ரீஷியனும் பலகை, மோட்டார் எல்லாம் போய்விட்டன போலிருக்கிறது என்று குழம்புகிறார்.

செம்புக்கம்பி

எல்லாம் ஒரே நாளில் போகாது. இவ்வளவு பேரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் இவர்களுக்குப் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. மின்சாரமும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது பேச்சுக் கம்பி.

உங்கள் வண்டியில் மாட்யூல் டேஷ்போர்டுக்கு உள்ளே தனியாக இருக்கிறது, பலகை வெறும் பொத்தான்களும் திரையும்தான் என்று இந்தப் பட்டியலிலிருந்து தெரிகிறது. மாட்யூலுக்கும் என்ஜினுக்கும் இடையே கேன் என்ற இரட்டைக் கம்பி. அது நன்றாக இருக்கிறது, அதனால்தான் ஸ்கேனருக்குப் பதில் வருகிறது. மாட்யூலுக்கும் பலகைக்கும் மோட்டார்களுக்கும் இடையே இருப்பது லின். அது ஒற்றைக் கம்பி, வேகம் அதிகபட்சம் நொடிக்கு 20 கிலோபிட். பேச யாரும் இல்லாதபோது பேட்டரி வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பேசுகிறவர் அதைப் பூஜ்யத்துக்கு இழுத்து இழுத்து விடுவார், அதுதான் தகவல். தலைமை மாட்யூல் ஒன்றுதான், கேள்வி கேட்பது அது மட்டும். மற்றவை கேட்டால் பதில் சொல்லும்.

பேருந்தில் மணிக்கயிறை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் மற்ற யார் இழுத்தாலும் மணி அடிக்காது. அதே கதைதான். இந்தக் கம்பியில் இருக்கும் ஒரே ஒரு மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகி கம்பியைக் கீழே இழுத்து வைத்தால் நல்ல பாகங்கள் எல்லாம் ஊமையாகிவிடும். ஸ்கேனரும் எல்லாரும் செத்ததாகவே காட்டும்.

செய்ய வேண்டியது இது. வயரிங் வரைபடம் பார்த்து லின் கம்பி எது என்று உறுதி செய்யுங்கள், நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். சாவியைத் திருப்பி, கனெக்டரை மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து எர்த்துக்கு எதிரே அளக்கவும். நல்ல கம்பியில் மீட்டர் 8இலிருந்து 11 வோல்ட் வரை ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாமல் 12இல் நின்றால் தலைமை மாட்யூல் பேசவில்லை. பூஜ்யத்தின் பக்கம் நின்றால் யாரோ இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் கம்பி எங்கோ பாடியில் உரசுகிறது.

கருஞ்சாலை

0.7 வோல்ட். அசையவே இல்லை.

செம்புக்கம்பி

கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் வோல்ட் ஏறி ஆட ஆரம்பிக்கிறதோ அதுதான் ஆள்.

ஒன்றில் கவனம். மோட்டாரின் கனெக்டரில் மூன்று பின் இருந்தால் பெரும்பாலும் எல்லாம் பக்கம் பக்கமாக இணைத்தவை, எதைக் கழற்றினாலும் மற்றவை தொடரும். நான்கு பின் இருந்தால் லின் கம்பி ஒரு மோட்டாருக்குள் நுழைந்து வெளியேறி அடுத்ததற்குப் போகலாம். அந்த வகையில் ஒன்றைக் கழற்றினால் அதற்கு அப்புறம் இருப்பவை எல்லாமே அறுந்துவிடும். அப்போது வோல்ட் ஏறினால் அந்த மோட்டாரோ அதற்குப் பின்னால் இருப்பதோ என்றுதான் சொல்ல முடியும். வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கி முன்னால் வரவேண்டும்.

பழையவண்டி

நான் இவ்வளவு மின்சாரம் படித்தவன் இல்லை, ஆனால் ஈரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கைப் பக்கம் ஈரம் என்றால் மூன்று இடம் பாருங்கள்.

வைப்பர்களுக்குக் கீழே பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதன் அடியில் ஒரு தொட்டி மாதிரி இடம் உண்டு. முன்கண்ணாடியில் வடியும் தண்ணீர் அதில் விழுந்து ஓரத்துத் துளைகள் வழியாகக் கீழே போகும். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இலை மக்கி அந்தத் துளையை அடைத்துவிடும். தண்ணீர் நிறைந்தால் அடுத்த வழி வெளிக்காற்று உள்ளே வரும் வாய்தான். அந்த வாய்க்கு நேர் கீழேதான் உள்காற்றுச் சுழற்சி ஃபிளாப்பும் அதன் மோட்டாரும் இருக்கும். என் கணக்கு அந்த மோட்டார் மேல்தான். கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள், அது ஈரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, ஏசியின் குளிர்நீர் வெளியேறும் குழாய். அடைத்திருந்தால் மழை இல்லாத நாளிலும் கம்பளம் நனையும், ஏசி போட்டு ஓட்டும்போது வண்டிக்கு அடியில் சொட்டுவது நின்றிருக்கும். மூன்றாவது ஹீட்டர் கோர், அதாவது என்ஜின் சூட்டில் காற்றைச் சூடாக்கும் பாகத்தின் கசிவு. அது தண்ணீர் இல்லை, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். விரலில் வழுவழுப்பாக இருக்கும், இனிப்பு வாடை அடிக்கும், கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் படியும்.

கருஞ்சாலை

பழையவண்டி அண்ணா, கணக்கு சரி!

கேபின் ஃபில்டர் ஒரு ஓரம் ஊறிப்போய்க் கறுத்திருந்தது. கிளவ் பாக்ஸைக் கழற்றிப் படுத்துக்கொண்டு பார்த்தால் உள்காற்று மோட்டாரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு. மூன்று பின்தான். நண்பர் மீட்டரைப் பிடித்துக்கொண்டார், நான் அந்த ஒன்றை மட்டும் உருவினேன். 0.7இலிருந்து ஏறி 9, 10 என்று ஆட ஆரம்பித்தது. அதே நொடி புளோயர் ஓடியது, திரையில் எண் வந்தது, எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறது.

வைப்பர் மூடியைத் தூக்கினேன். பக்கத்து இருக்கைப் பக்கத் துளை மக்கிய இலையால் முழுக்க மூடியிருந்தது.

இப்போது இரண்டு சந்தேகம். மோட்டார் வரும்வரை கனெக்டரைக் கழற்றியபடி ஓட்டலாமா? கனெக்டரைச் சுத்தம் செய்து பழைய மோட்டாரையே மாட்டலாமா?

செம்புக்கம்பி

ஓட்டலாம். ஃபிளாப் இப்போது இருக்கும் இடத்திலேயே நிற்கும். அது வெளிக்காற்று நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உள்காற்று நிலையில் நின்றுவிட்டால் மழையில் கண்ணாடி உள்பக்கம் பனித்துக்கொண்டே இருக்கும், அது ஆபத்து. அப்படியானால் மோட்டாரைக் கழற்றி, ஃபிளாப்பின் அச்சைக் கையால் திருப்பி வெளிக்காற்றில் வைத்துவிடுங்கள். கழற்றிய கனெக்டரை டேப் சுற்றி உலர்ந்த இடத்தில் கட்டி வையுங்கள்.

பழைய மோட்டார் வேண்டாம். தண்ணீர் கனெக்டரோடு நின்றிருக்காது, உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்டில் ஏறியிருக்கும். காய்ந்தால் கொஞ்ச நாள் ஓடும், அடுத்த ஈரத்தில் மறுபடி கம்பியை இழுத்துப் பிடிக்கும். முதலில் உங்களுக்கு விட்டு விட்டு வந்தது அதுதான். வயரிங் பக்கத்துக் கனெக்டரைக் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். பின் அரித்துப் போயிருந்தால் அந்தப் பின்னை மாற்ற வேண்டும். களிம்பு கம்பிக்குள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, உறையைக் கொஞ்சம் விலக்குங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளக்கும் இடம் வரும்வரை வெட்டிச் சேர்க்க வேண்டும்.

புதிய மோட்டாரின் பாக எண் பழையதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். உருவம் ஒன்றாகவே இருந்தாலும் லின்னில் அதற்கு இருக்கும் முகவரி வேறாக இருக்கலாம்.

சக்கரம்

என் வண்டியில் ஏசி எல்லாமே தொடுதிரைக்குள் இருக்கிறது. பொத்தான் கிடையாது. ஸ்டீரியோவை மாற்றலாம் என்று நினைத்திருந்தேன். இதைப் படித்தபிறகு கேட்கத் தோன்றுகிறது, மாற்றினால் ஏசி என்ன ஆகும்?

திருப்புளி

பொருத்தமான இணைப்புக் கருவி இல்லாமல் மாற்றினால் ஏசியைக் கட்டுப்படுத்த வழியே இருக்காது. அந்தத் திரைதான் உங்கள் பலகை. வாங்கும் முன், உங்கள் மாடலுக்கு ஏசிக் கட்டளைகளையும் கடத்தும் இணைப்பு கடைக்காரரிடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் பழைய திரையோடு இருப்பதே நல்லது.

கருஞ்சாலை

புதிய மோட்டார் மாட்டியாகிவிட்டது. மாட்டும் முன் துளையில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வண்டியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் நேராகக் கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டும் இல்லை. மூடியின் ரப்பர் விளிம்பு ஒரு இடத்தில் மடங்கியிருந்தது, அதையும் சரியாகப் பொருத்தினேன்.

முதலில் சாவியைத் திருப்பியதும் எல்லா ஃபிளாப்பும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் சத்தம் கேட்டது. செம்புக்கம்பி, அது சரிதானே? பிழைகளை அழித்தபிறகு மறுபடி எதுவும் வரவில்லை. கம்பளம் மட்டும் இன்னும் ஈரம்.

செம்புக்கம்பி

சரிதான். ஒவ்வொரு மோட்டாரும் தன் இரண்டு எல்லைகளையும் தொட்டுக் கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் பொத்தானைத் தொடாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். சில வண்டிகளில் இது தானாக நடக்காது, ஸ்கேனரில் கட்டளை கொடுக்க வேண்டும். உங்களுடையது தானாகவே செய்துவிட்டது. அப்புறம் எப்போதாவது டக் டக் என்று தொடர்ந்து சத்தம் வந்தால் அது வேறு, ஏதோ ஒரு மோட்டாரின் பல்சக்கரம் உடைந்து வழுக்குகிறது என்று பொருள்.

பழையவண்டி

தம்பி, கம்பளத்தை மேலே காயவைத்தால் போதாது. அடியில் தடிமனான நுரைப்பஞ்சு இருக்கும், தண்ணீர் அதில்தான் தேங்கி நிற்கும். கதவோரப் பட்டையைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கி அடியில் கட்டை வைத்து, மின்விசிறியை உள்ளே திருப்பி விடுங்கள். முழுக்கக் காயச் சில நாள் ஆகும். தூக்கும்போது அங்கே வயரிங் கட்டோ மாட்யூலோ இருக்கிறதா பாருங்கள், பல வண்டிகளில் இருக்கும். இருந்தால் அதன் கனெக்டர்களையும் ஒன்றொன்றாகக் கழற்றிப் பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கம்பளத்தை மூடுங்கள்.